ஆலை பக்கத்திலேயே இருக்கிறது, சிமென்ட் விலை மட்டும் ஏன் குறையவில்லை?

அரியலூர் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் தொடங்கிய ஹாலோ பிளாக் பட்டறையை இப்போது தம்பியோடு சேர்ந்து நடத்துகிறார். வீட்டு வாசலில் நின்றால் சிமென்ட் ஆலையின் புகைபோக்கி தெரியும். சுண்ணாம்புக்கல் லாரிகள் அந்த வழியாகத்தான் போகின்றன, புழுதியும் அவர்களுக்குத்தான். ஆனால் மூட்டை விலை மட்டும் எங்கோ தொலைவில் இருக்கும் ஊர்களின் விலையை ஒட்டியே இருக்கிறது என்கிறார். எல்லா பிராண்டும் ஒரே நாளில் மூட்டைக்கு 40 ரூபாய் ஏறின. முதல் நாள் மாலையே டீலர் ஒருவர் எல்லா பிராண்டின் மறுநாள் ரேட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். ஜிஎஸ்டி குறைந்தபோது சற்று இறங்கிய விலை சில வாரங்களில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆந்திராவிலிருந்து ஒரு டீலர் மலிவாகத் தந்த சிமென்ட்டும் திடீரென்று நின்றுபோனது. "கம்பெனி இந்த ஏரியாவில் விற்கக் கூடாது என்றுவிட்டது" என்றாராம் அவர்.

இதற்கிடையில் பள்ளிக் கட்டடம் ஒன்றுக்கு நிலையான விலையில் ஹாலோ பிளாக் கல் தருவதாக அவர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்; ஒவ்வொரு லோடுக்கும் நஷ்டம். வட்டாரத்துப் பட்டறைக்காரர்கள் சங்கம் கூடி, எல்லோரும் ஒரே விலைக்கு ஹாலோ பிளாக் கல் விற்பது, ஒரு பிராண்டைப் புறக்கணிப்பது என்று தீர்மானிக்கப் போகிறது. போதாக்குறைக்கு, அப்பா பெயரில் உள்ள மூன்று ஏக்கருக்குக் கீழே சுண்ணாம்புக்கல் இருப்பதாகச் சொல்லி ஒரு புரோக்கர் அட்வான்ஸோடு வந்து நிற்கிறார். "கம்பெனிகள் மீது வழக்குப் போட முடியுமா? சங்கத்தில் கையெழுத்துப் போடலாமா? நிலத்தடிக் கல் எங்களுடையதுதானே?" என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் நீங்கள் எடுக்கப்போகும் ஒரு முடிவு உங்களையே சட்டத்தின் முன் நிறுத்திவிடும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், கல் உங்கள் ஊரில் இருந்தும் விலை ஏன் உங்களுக்குச் சாதகமாக இல்லை என்பதைப் பார்ப்போம்.

ஒரு டன் கிளிங்கர் (அரைத்தால் சிமென்ட் ஆகும் சூளைக்கட்டி) எடுக்கச் சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். சூளையில் வேகும்போது கல்லின் எடையில் ஏறக்குறைய 44 சதவீதம் கரியமில வாயுவாகப் போய்விடும். இவ்வளவு எடையைத் தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் கட்டுப்படியாகாது என்பதால் ஆலை கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஒரு காலத்தில் கடலடியாக இருந்த உங்கள் மாவட்டத்தில் இத்தனை ஆலைகள் இருப்பதற்கு அதுதான் காரணம். ஆக, கல் யார் கையில் இருக்கிறதோ, சந்தை அவர் கையில். புதிதாக ஒருவர் போட்டிக்கு வரவேண்டுமானால் பணமும் இயந்திரமும் போதாது, சுரங்கக் குத்தகை வேண்டும். 2015 ஜனவரியில் கனிமச் சட்டம் திருத்தப்பட்டபின் புதுக் குத்தகை ஏலத்தில்தான் கிடைக்கும். சொந்த ஆலைக்காக அதற்கு முன்பே குத்தகை வாங்கியவர்களுக்கோ குறைந்தது 2030 மார்ச் 31 வரை நீட்டிப்பு கிடைத்தது. முன்னால் வந்தவர் ஏலத்தொகை இல்லாமல் கல் எடுக்கிறார், பின்னால் வருபவர் அதையும் கட்டிக்கொண்டு அவரோடு போட்டி போட வேண்டும். கிளிங்கரை வாங்கி அரைத்து மட்டும் விற்கும் சிறு ஆலைகளும் உண்டு. ஆனால் அவர்களுக்குக் கிளிங்கர் தருவதும் கல் வைத்திருக்கும் அதே பெரிய ஆலைகள்தான். தனக்குச் சரக்கு தருபவரோடு எவ்வளவு தூரம் விலைச் சண்டை போட முடியும்?

ஆலை அருகில் இருப்பதால் விலை குறையும் என்ற எதிர்பார்ப்பு இங்கேதான் பொய்த்துப்போகிறது. விற்பவர் உற்பத்திச் செலவை வைத்து மட்டும் விலை வைப்பதில்லை, உங்களுக்கு வேறு யாரிடம் போக வழி இருக்கிறது என்பதைப் பார்த்தும் வைக்கிறார். அரசு 1982-ல் பாதியும் 1989-ல் முழுவதுமாக சிமென்ட் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. அதிக விலை வைப்பது மட்டுமே இன்று குற்றமாகாது.

ஒரே நாளில் ஒரே விலை: இது போதுமா?

போதாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களைப் போல என்னிடம் வருகிற பலரும் இதையே ஆதாரம் என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். விற்பவர்கள் நாலைந்து பேர்தான், சரக்கும் ஒரே மாதிரி என்றால், ஒருவர் விலை ஏற்றியதைப் பார்த்து மற்றவர்களும் அன்று மாலையே ஏற்றலாம். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் இது நடந்தால் சட்டம் தொடாது. சமையல் எரிவாயு சிலிண்டர் தயாரிப்பாளர்கள் வழக்கில் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. டெண்டரில் விலைகள் ஒன்றுபோல இருந்தன. ஆனால் சந்தையின் அமைப்பே அப்படிப்பட்டது என்று சொல்லி, கூட்டுச்சதி என்ற முடிவை நீதிமன்றம் ஏற்கவில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. சுரங்க உரிமையாளர் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகை வரி ஆகாது, கனிம நிலத்துக்கு வரி போடும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது. அதையொட்டி தமிழக அரசு கொண்டுவந்த கனிம நில வரி 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறைக்கு வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். இந்த வரி தமிழ்நாட்டுச் சுரங்கம் வைத்திருக்கும் எல்லோர் மீதும் ஒரே நாளில் விழுந்தது. ஒரே நாளில் விலை ஏறியதற்கு இதுவே காரணம் என்று கம்பெனிகள் சொல்லும், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கும்.

எவ்வளவு உண்மை என்று நாமே கணக்குப் போடலாம். டன் கிளிங்கருக்கு ஒன்றரை டன் கல் என்றால் வரி 240 ரூபாய். ஓபிசி என்ற சாதாரண சிமென்ட் ஏறக்குறைய முழுக்கக் கிளிங்கர். டன்னுக்கு 20 மூட்டை என்பதால் மூட்டைக்கு 11 அல்லது 12 ரூபாய் வரும். சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட்டில் கிளிங்கர் மூன்றில் இரண்டு பங்கு போலத்தான். அதற்கு 8 ரூபாய். நீங்கள் சொல்லும் 40 ரூபாயில் மீதி எங்கிருந்து வந்தது? நிலக்கரி, பெட்ரோலியம் கோக், லாரி வாடகை என்று பதில் வரலாம். வந்தாலும், ஒவ்வொரு ஆலைக்கும் வேறுவேறாக இருக்க வேண்டிய அந்தச் செலவு எல்லோருக்கும் எப்படி ஒரே தொகையாக அமைந்தது என்று கேட்க இடம் இருக்கிறது. இந்தக் கேள்வி புகாருக்குத் துணை நிற்கும், ஆனால் புகாரே ஆகிவிடாது.

பழைய வழக்கு ஒன்றைப் பாருங்கள். கட்டுமான நிறுவனங்களின் அகில இந்தியச் சங்கம் 2010-ல் கொடுத்த புகாரின் பேரில், இந்தியப் போட்டி ஆணையம் 2012 ஜூன் 20 அன்று 11 சிமென்ட் கம்பெனிகளுக்குச் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விலை சேர்ந்து ஏறியதை மட்டும் ஆணையம் பார்க்கவில்லை. உற்பத்தியும் சரக்கு அனுப்புவதும் ஒரே போக்கில் இருந்தன, தேவை இருந்தும் ஆலைகள் முழுத் திறனில் ஓடவில்லை, தயாரிப்பாளர் சங்கத்தின் வழியாக விலைத் தகவல்கள் கைமாறின. இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் முடிவுக்கு வந்தது. விசாரணை முறையில் குறை இருக்கிறது என்று 2015-ல் அந்த உத்தரவு ரத்தானது. 2016 ஆகஸ்டில் ஆணையம் மறுபடி விசாரித்து மறுபடி அபராதம் போட்டது. 2018 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதை உறுதிசெய்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பத்து சதவீதத் தொகையைக் கட்டச் சொல்லி மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. புகாருக்கும் அந்தக் கட்டத்துக்கும் இடையில் எட்டு ஆண்டுகள். இந்த மாத நஷ்டம் அந்த வழியில் தீராது, அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

உங்கள் கையில் இருக்கும் உண்மையான ஆதாரம்

கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் அந்த வாட்ஸ்அப் செய்திதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. விலை ஏறுவதற்கு முதல் நாள் மாலையே எல்லா பிராண்டின் மறுநாள் விலையும் ஒரு டீலருக்குத் தெரிந்திருக்கிறது. பல பிராண்டு விற்பவர் என்றால் ஒவ்வொரு கம்பெனி விற்பனைப் பிரதிநிதியும் தனித்தனியாகச் சொல்லியிருக்கலாம்; அது தவறில்லை. ஒரே இடத்திலிருந்து முழுப் பட்டியலும் வந்திருந்தால் கதை வேறு. அந்தப் பட்டியல் எங்கே தயாரானது என்பதை ஆணையத்தின் தலைமை இயக்குநர் விசாரிக்க முடியும். அவருக்குச் சோதனை நடத்தவும் சாட்சிகளை அழைக்கவும் அதிகாரம் உண்டு, உங்களுக்கு இல்லை. நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் செய்தியை அழியாமல் காப்பதுதான். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். மின்னணுச் சான்றை முன்வைக்கும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி சான்றிதழ் தேவைப்படும். போன் இருந்தால் அது சுலபம்.

ஆந்திர சிமென்ட் நின்றுபோனது இரண்டாவது நல்ல புள்ளி. அங்கே எடுக்கும் கல்லுக்குத் தமிழக வரி கிடையாது, அதனால் எல்லையோர ஊர்களுக்கு அது மலிவாக வர வாய்ப்பு உண்டு. கம்பெனி தன் டீலருக்கு எல்லை வகுப்பது தானாகவே சட்டவிரோதம் ஆகாது. போட்டிச் சட்டத்தின் 3(4) பிரிவின் கீழ், அதனால் சந்தையில் போட்டி கணிசமாகக் கெடுகிறதா என்று எடைபோட்டுத்தான் சொல்வார்கள். டீலர் கொடுக்கும் தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதற்காக ஒரு பெரிய கார் கம்பெனிக்கு 2021-ல் 200 கோடி ரூபாய் அபராதம் விழுந்ததும் இதே பிரிவின் கீழ்தான். டீலர் வாயால் சொன்னதற்கு மதிப்பு குறைவு. "இனி லோடு ஏன் வராது?" என்று ஒரு செய்தி அனுப்பி எழுத்தில் பதில் வாங்கப் பாருங்கள். பழைய பில்களையும் இ-வே பில்களையும் தேதி, பிராண்டு, ரகம், ஏற்றிய இடம் தெரியும்படி அடுக்கி வையுங்கள். விலையை ஒப்பிடும்போது ஜிஎஸ்டி இல்லாத அடிப்படை விலையையே எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால், மொத்த விலையை ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும். வரிக் குறைப்பை விழுங்கிவிட்டார்கள் என்று தனியாகப் புகார் கொடுக்கும் கொள்ளை லாபத் தடுப்பு முறையிலும் 2025 ஏப்ரல் 1 முதல் புது மனுக்கள் வாங்குவதில்லை. அந்த வழியில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

"பெரிய கம்பெனி என்றால் ஆதிக்க நிலைதானே?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கம்பெனி தனியாக அந்தச் சந்தையில் ஆதிக்கம் செலுத்தினால்தான் போட்டிச் சட்டத்தின் 4-ம் பிரிவு பொருந்தும். நாலைந்து கம்பெனிகள் கூட்டாக ஆதிக்கம் செலுத்துவது என்ற கருத்தே நம் சட்டத்தில் இல்லை. இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை என்பது என் கருத்து. கனிமத்தை நம்பியிருக்கும் தொழில்களில் சந்தை பெரும்பாலும் இப்படி நாலைந்து பேரிடம்தான் போய்ச் சேர்கிறது. ஒரே ஒருவர் கையில் கனிமம் இருந்தால் சட்டத்துக்குப் பல் உண்டு. கோல் இந்தியா தான் பொதுத்துறை நிறுவனம், பொது நன்மைக்காக இயங்குகிறேன், போட்டிச் சட்டம் எனக்குப் பொருந்தாது என்று வாதாடியபோது, பொருந்தும் என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

போட்டி ஆணையத்திடம் புகார் கொடுக்க முடிவு செய்தால், காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கொடுங்கள். 2023 திருத்தம் அந்தக் காலக்கெடுவைக் கொண்டுவந்தது. உங்கள் பெயரை எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் வைக்கும்படி கோரலாம். கம்பெனியை நம்பிச் சரக்கு வாங்கும் உங்களுக்கு இது முக்கியம். மாநில அரசே ஆணையத்துக்கு விஷயத்தை அனுப்பவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் சங்கம் அரசுக்கு மனு கொடுத்து அதைக் கேட்கலாம்.

சங்கத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

இதைத்தான் பிறகு சொல்கிறேன் என்றேன். "அவர்கள் கூடி விலை வைக்கிறார்கள், நாங்களும் கூடி வைத்தால் என்ன?" என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயிப்பது போட்டிச் சட்டத்தின் 3(3) பிரிவின் கீழ் வருகிறது. அப்படி ஓர் ஒப்பந்தம் இருக்கிறது என்று நிரூபணமானாலே அது போட்டியைக் கெடுக்கிறது என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். சிறு தொழில் என்பதற்காக விலக்கு கிடையாது. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கையெழுத்து இருந்தால் கம்பெனிகளுக்கு எதிராக நீங்கள் தேடும் ஆதாரத்தைவிட உறுதியான ஆதாரம் உங்களுக்கு எதிராகத் தயாராகிவிடும். அபராதம் சங்கத்தோடு நிற்காது, நிர்வாகிகள் மீதும் வரும். புறக்கணிப்பும் ஆபத்துதான். மேற்கு வங்கத்தில் மொழிமாற்றத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை ஒளிபரப்பக் கூடாது என்று கலைஞர்கள், தொழில்நுட்பப் பணியாளர்களின் கூட்டமைப்பு நெருக்கடி கொடுத்தது. அதுவும் போட்டிச் சட்டத்துக்குள் வரும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளர் நலனுக்காகத்தான் செய்தோம் என்ற வாதம் எடுபடவில்லை.

சேர்ந்து விலை வைப்பதை விட்டுவிட்டு, சேர்ந்து வாங்குங்கள். பத்துப் பட்டறைகள் சேர்ந்து கூட்டுறவாகவோ கம்பெனியாகவோ பதிவு செய்து, மொத்த லோடாக நேரடியாக ஆலையிடமோ அரைப்பு ஆலையிடமோ வெளிமாநிலத்திலிருந்தோ வாங்கலாம். ஹாலோ பிளாக் கல்லை அவரவர் விலைக்கு அவரவர் விற்றுக்கொள்ளுங்கள். வாங்குவதற்கான கூட்டத்தில் விற்கும் விலைப் பேச்சே வரக் கூடாது. அடுத்த கூட்டத்துக்குப் போகலாம், ஆனால் விலைப் பேச்சு தொடங்கினால் உங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் சம்மதித்ததாகவே பார்ப்பார்கள்.

பள்ளி ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாக. விலை ஏறிவிட்டது என்பதால் மட்டும் ஒப்பந்தம் முறியாது. 1960-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தில் விலை மாறுபாட்டு விதி இருக்கிறதா என்று பாருங்கள். புது வரி வந்தால் விலையைத் திருத்தலாம் என்று ஒரு வரி இருந்தாலும் போதும், கனிம நில வரியைச் சொல்லிக் கேட்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால், எஞ்சிய லோடுகளுக்கு விலையைத் திருத்தித் தரும்படி ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் கேளுங்கள். கல் தருவதைப் பாதியில் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் நஷ்டஈடு உங்கள் தலையில் விழும். இனிமேல் போடும் ஒப்பந்தங்களில் சிமென்ட் அடிப்படை விலை இவ்வளவுக்கு மேல் போனால் கல் விலை மாறும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று ஏக்கரும் அதன் கீழுள்ள கல்லும்

நிலம் நம்முடையது என்றால் கீழே இருப்பதும் நம்முடையது என்ற உங்கள் நம்பிக்கை பாதி சரி. கேரளத்து மலபார் நிலங்கள் பற்றிய வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வேறு சட்டம் பறித்திருந்தாலொழிய நிலத்தடிக் கனிமம் நில உரிமையாளருக்கே என்று சொன்னது. ஆனால் உங்கள் அப்பாவின் நிலம் அரசு ஒப்படை செய்ததாக (அரசே வழங்கியதாக) இருந்தால், கனிம உரிமையை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டதாகப் பட்டா நிபந்தனையிலேயே இருக்கக்கூடும். மூலப் பத்திரத்தையும் பட்டாவையும் பார்க்காமல் நானோ வேறு யாரோ உறுதியாகச் சொல்ல முடியாது. உரிமை உங்களுடையதாகவே இருந்தாலும் சுரங்கக் குத்தகை இல்லாமல் ஒரு கல் கூட எடுத்து விற்கக் கூடாது. சுண்ணாம்புக்கல் பெருங்கனிமம், குத்தகை ஏலத்தில் போகும்.

அப்படியானால் புரோக்கர் ஏன் அட்வான்ஸோடு வருகிறார்? ஏலத்தில் எடுத்தவருக்கும் மேல்நிலம், அதாவது கல்லுக்கு மேலே உள்ள நிலம், வேண்டும். அதை உங்களிடமிருந்துதான் வாங்கியாக வேண்டும். புன்செய் விலைக்கு உங்களிடம் வாங்கி, கல்லின் விலைக்குக் கம்பெனியிடம் விற்பது சுரங்க வட்டாரங்களில் பழகிப்போன வியாபாரம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் புவியியல் மற்றும் சுரங்கத் துறை இருக்கிறது. உங்கள் சர்வே எண் ஏதாவது ஏலத் தொகுதியிலோ குத்தகைப் பகுதியிலோ வருகிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஏற்கெனவே குத்தகைப் பகுதிக்குள் இருந்தால், மேல்நிலத்துக்கான இழப்பீடு கேட்கக் கனிமச் சட்டத்தின் 24ஏ பிரிவு இருக்கிறது.

அதே அலுவலகத்தில் மாவட்ட கனிம அறக்கட்டளை பற்றியும் கேளுங்கள். 2015 முதல் சுரங்கக்காரர்கள் உரிமத்தொகைக்கு மேல் அதில் 10 சதவீதமோ, பழைய குத்தகை என்றால் 30 சதவீதமோ கூடுதலாகச் செலுத்துகிறார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான பணம் அது. புழுதி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது இதைச் சொல்லத் தோன்றியது. உங்கள் ஊர்ச் சாலைக்கும் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் அதிலிருந்து எவ்வளவு வந்தது என்று கிராம சபையில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் வர 30 நாள் ஆகலாம். அதுவரை புரோக்கரிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், "பதிவுக்கு அலையாமல் இருக்கத்தான்" என்று சொல்லிப் பொது அதிகாரப் பத்திரம் கேட்டால் மறுத்துவிடுங்கள். விற்பதாக முடிவு செய்தால் வாங்குபவர் யார், எதற்காக வாங்குகிறார் என்பது பதிவு செய்த ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கம்பெனியோடு நேரடியாகப் பேசி, கல்லின் மதிப்பையும் சேர்த்து விலை கேளுங்கள். அப்பா உயிரோடு இருக்கிறார் என்றால் கையெழுத்து அவருடையது. இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும், உங்கள் தம்பி உட்பட, சேர்ந்துதான் விற்க முடியும்.